மேய்ச்சலில் வளரும் இறைச்சிக் காளைக் கன்றுகளை எந்த வயதில், எந்த முறையில் காயடிப்பது?

புல்வெளி (கேள்வி)

வணக்கம். இறைச்சிக்கான சிறிய மந்தை ஒன்றை முழுக்க மேய்ச்சலிலேயே வளர்த்து வருகிறேன். அடர்தீவனம் கொடுப்பதில்லை. கன்றுகள் ஏழெட்டு மாதம் வரை தாயோடு மேய்கின்றன. பால் மறக்கடித்த பிறகு இரண்டு வயதைத் தாண்டும் வரை புல்லிலேயே வளர்ந்து, பிறகுதான் விற்பனைக்குப் போகின்றன. மந்தையை மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறைதான் பட்டியில் அடைத்துப் பார்க்க முடிகிறது.

இப்போது என்னிடம் ஐந்து, ஆறு மாத வயதுள்ள ஆண் கன்றுகள் காயடிக்கப்படாமல் இருக்கின்றன. அடுத்த ஈற்றுக்கான பசுக்களும் நிறைமாதத்தில் நிற்கின்றன. காளைக்குரிய வளர்ச்சியை முடிந்த வரை பயன்படுத்திக்கொண்டு, பால் மறக்கடிக்கும் போதோ அதற்குப் பிறகோ காயடித்தால் எடை கூடுதலாகக் கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். பிறந்த சில நாட்களிலேயே ரப்பர் வளையம் போட்டுவிட வேண்டும் என்பது வேறு சிலரின் கருத்து. கத்தியால் விதை எடுப்பது, பர்டிசோ கிடுக்கியால் தோலைக் கிழிக்காமல் விந்துக்கொடியை (விதைக்குப் போகும் நாளங்களும் விந்துக்குழாயும் அடங்கிய கொடி) நசுக்குவது, வளையம் போடுவது ஆகிய மூன்றில் மேய்ச்சல் மந்தைக்கு எது பொருந்தும் என்பதையும், வலியைக் குறைக்க நடைமுறையில் என்ன செய்யலாம் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கால்நடை மருத்துவர்

முறையைப் பற்றிப் பிறகு பேசலாம். வயதைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். தாமதப்படுத்தினால் எடை கூடும் என்ற கருத்தில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. காயடிக்காத காளை, பருவமடைந்த பிறகு, அதே தீவனத்தில் வளரும் காயடித்த காளையைவிடச் சுமார் 10 முதல் 20 விழுக்காடு வரை வேகமாக எடை போடும் என்பது பலமுறை அளந்து பார்க்கப்பட்ட செய்தி. ஆனால் இந்த வேறுபாட்டுக்குக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், கன்று தாயோடு மேயும் முதல் சில மாதங்களில் மிகக் குறைந்த அளவில்தான் சுரக்கிறது. ஆகவே அந்தக் காலத்தில் விதையை விட்டுவைப்பதால் கிடைக்கும் கூடுதல் எடை சொற்பமே. ஏழெட்டு மாதத்தில் அந்தப் பலன் தொடங்கும் நேரத்தில் நீங்கள் காயடிக்கிறீர்கள். பெரிய விதை, பெரிய காயம், நீண்ட வீக்கம் ஆகியவற்றால் கன்று சில வாரங்கள் சரியாக மேயாமல் நின்று, சேர்த்த எடையை இழந்துவிடுகிறது. அதே வாரத்தில் தாயையும் பிரித்தால் இரண்டு அதிர்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. சிறு வயதில் காயடித்த கன்றையும் தாமதமாகக் காயடித்த கன்றையும் விற்பனை நாளில் எடை போட்டுப் பார்த்தால், தாமதித்தவருக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

காளையாகவே வளர்த்து இளவயதில் இறைச்சிக்கு அனுப்புவது வேறு கணக்கு. புல்லை மட்டும் நம்பி இரண்டு வயதுக்கு மேல் வைத்திருக்கும் உங்கள் முறையில், காயடித்த காளைதான் உடலில் கொழுப்பைச் சேர்க்கும். காளை தசையைப் போடுமே தவிர, தசைக்குள் இழையோடும் கொழுப்பை எளிதில் சேர்க்காது. வயது ஏறினால் இறைச்சியின் மென்மையும் குறையும். தவிர, ஒன்றோடொன்று முட்டியும் ஏறியும் களைத்த காளைகளின் தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீர்ந்துவிடுவதால், அறுத்த பிறகு போதிய லாக்டிக் அமிலம் உருவாவதில்லை. சாதாரணமாக 5.5 அளவுக்கு இறங்க வேண்டிய பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 6-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நின்றுவிட, இறைச்சி கருத்துப் பிசுபிசுப்பாகி விரைவில் கெடுகிறது. வாங்குபவர் முதலில் விலை குறைப்பது அதற்குத்தான்.

இனி முறைகள். ரப்பர் வளையம் பிறந்த முதல் சில நாட்களுக்கு ஏற்றது. விதைப்பையின் கழுத்தில் வளையம் இறுகியதும் குருதியோட்டம் நின்று, கீழ்ப்பகுதி காய்ந்து சில வாரங்களில் உதிர்ந்துவிடும். காயமே இல்லாதது போலத் தோன்றினாலும், வளையத்துக்கு மேலுள்ள தோல் புண்ணாகி உதிரும் வரை வலி நீடிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வயது கூடக்கூட இந்தக் காலமும் நீள்கிறது. பிரிட்டனில் உணர்வு நீக்கும் மருந்து இல்லாமல் வளையம் போட முதல் ஒரு வாரம் மட்டுமே அனுமதி உண்டு. அங்கே எந்த முறையானாலும் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட கன்றைக் கால்நடை மருத்துவரே, உணர்வு நீக்கிய பிறகுதான் காயடிக்க வேண்டும். உங்கள் பகுதிச் சட்டம் எப்படியிருந்தாலும், அந்த வயது வரம்புகளுக்குப் பின்னால் இருக்கும் காரணம் எல்லாக் கன்றுக்கும் பொதுவானது.

கத்தி முறையில் விதைப்பையின் அடியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி நீக்கி, இரண்டு விதைகளையும் வெளியே எடுக்கிறோம். சிறு கன்றில் நிதானமாக இழுத்தாலே நாளங்கள் நீண்டு அறுந்து தாமே சுருங்கிக்கொள்ளும். வளர்ந்த கன்றில் விந்துக்கொடியை நசுக்கி வெட்டும் கருவி இல்லாமல் கை வைக்கக் கூடாது. விதை போய்விட்டதா என்ற ஐயத்துக்கே இடமில்லை என்பது இந்த முறையின் பெரிய நன்மை. குருதிப்போக்கும் சீழும் ஈயும் இதன் விலை. காயத்தைத் தைக்கவோ அடைக்கவோ கூடாது. நீர் வடிய வழி அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

வலியைப் பொறுத்த வரை, இரண்டு வகை மருந்துகளும் சேர்ந்து வேண்டும். லிக்னோகெய்ன் போன்ற உணர்வு நீக்கி, வெட்டும் போதும் நசுக்கும் போதும் ஏற்படும் கூர்மையான வலியைத் தடுக்கும்; ஊசி போட்ட பிறகு ஐந்து முதல் பத்து நிமிடமாவது காத்திருந்து, தோலைக் குத்திப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். அதன் விளைவு ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால், மெலாக்ஸிகாம் போன்ற அழற்சி அடக்கும் மருந்தும் தேவை. மாட்டின் உடலில் இது மெதுவாகவே வெளியேறுவதால் ஒரே ஊசி ஒரு நாளைத் தாண்டியும் வலியைக் குறைத்து வைக்கும். மந்தையை மீண்டும் அடைக்க முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி. மலிவாகக் கிடைக்கிறதே என்று டைக்ளோஃபினாக்கை மட்டும் நாடாதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் இறந்துபோகும் மாட்டைத் தின்னும் பாறு கழுகுகளை அது சிறுநீரகம் செயலிழக்கச் செய்து கொல்லும். எந்த மருந்தாக இருந்தாலும், இறைச்சிக்கு அனுப்பும் முன் கடக்க வேண்டிய விலக்குக் காலத்தை எழுதி வையுங்கள்.

வேலியோரம்

மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மேய்ச்சல்காரனுக்கு உண்மையான சிக்கல், கன்று கைக்கு எட்டும் நாள் எது என்பதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மந்தையை அடைப்பவர் "முதல் வாரத்தில் வளையம்" என்ற அறிவுரையைப் பின்பற்ற வேண்டுமானால், ஈற்றுக்காலத்தை முதலில் சுருக்க வேண்டும். பொலிகாளையை ஆண்டு முழுவதும் மந்தையோடு விட்டால் மாதாமாதம் கன்று விழும். ஒவ்வொரு முறை அடைக்கும் போதும் பிறந்து ஒரு நாளான கன்றும் ஐந்து மாதக் கன்றும் சேர்ந்தே நிற்கும். காளையை இரண்டு மூன்று மாதம் மட்டும் பசுக்களோடு விட்டு எடுத்தால், கன்றுகள் ஒரே தொகுப்பாகப் பிறக்கும். அந்தச் சில வாரங்கள் தினமும் மந்தையைச் சுற்றி வந்து, காது வில்லை போடும் போதே வளையத்தையும் போட்டுவிடலாம். பெரும்பாலான பண்ணைகளில் காயடிப்புச் சிக்கல் என்று பேசப்படுவது உண்மையில் ஈற்றுக்காலச் சிக்கலே என்பது என் கருத்து.

பிறந்து ஓரிரு நாளான கன்று படுத்திருக்கும் இடத்திலேயே பிடிபடும். அதுவே ஒரு வாரம் கழிந்தால் ஓடிவிடும். ஆனால் அந்த நாட்களில் தாய்ப்பசுவின் குணம் மாறியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எவ்வளவு சாதுவான பசுவும் கன்று கத்தினால் முட்ட வரும். இருவராகப் போவதும், வண்டியையோ வேலியையோ பசுவுக்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொள்வதும் நல்லது. கன்று சீம்பால் குடித்து, தாயும் கன்றும் ஒன்றையொன்று அறிந்துகொண்ட பிறகே தொட வேண்டும்.

வளையம் போடும் போது இரண்டு விதைகளும் பையின் அடியில் இருக்கின்றனவா என்று விரலால் எண்ணிப் பார்த்து, இரண்டும் வளையத்துக்குக் கீழே வந்த பிறகே கருவியை விடுவிக்க வேண்டும். சின்னக் கன்றின் விதை அவரைக்கொட்டை அளவில்தான் இருக்கும். கன்று உதறினால் ஒன்று மேலே ஏறிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால், பார்வைக்குக் காயடித்தது போலவும் நடத்தையில் காளையாகவும் ஒன்று மந்தையில் வளர்ந்து நிற்கும். ஒரு விதைதான் தட்டுப்படுகிறது என்றால் வளையமே போடாமல் அடையாளம் வைத்து, அடுத்த அடைப்பில் பார்ப்பது மேல். வளையம், ஆண் கன்றுக்குள்ள சிறு காம்புகளுக்குக் கீழே, பையின் கழுத்தில் இருக்க வேண்டும்.

பருவமும் முக்கியம். ஈ பெருகும் வெப்பமான ஈரக் காலத்தில் திறந்த காயம் வைத்தால் புழு வைக்கும். சேறும் சாணமுமான பட்டியில் காயடித்த கன்றுகளை அடைத்து வைத்தால் சீழ் பிடிக்கும். வறண்ட, குளிர்ச்சியான நாட்களைத் தேர்ந்தெடுத்து, வேலை முடிந்த உடனே தாயோடு சேர்த்துச் சுத்தமான புல்வெளியில் விட்டுவிடுங்கள். கன்று நடந்து மேய்ந்தால் காயத்தில் நீர் தேங்காமல் வடியும்; வீக்கமும் குறைவாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் கொட்டில்காரரைவிட மேய்ச்சல்காரருக்கே வசதி அதிகம்.

ரணஜன்னியைப் (டெட்டனஸ்) பற்றி ஒரு சொல். அதன் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். காற்றுப் புகாத செத்த தசையில்தான் பெருகும். வளையத்துக்குக் கீழே செத்துக்கொண்டிருக்கும் பை அதற்கு ஏற்ற இடம். வளர்ந்த கன்றுக்கு இறுக்கும் ரப்பர் பட்டையோ வளையமோ போடுவதாக இருந்தால், தடுப்பூசியை அதே நாளில் போடுவதில் பயனில்லை. இரண்டு தவணைகள் சில வார இடைவெளியில் முடிந்த பிறகே எதிர்ப்புச் சக்தி நிலைபெறும். அவசரமென்றால் அன்றே எதிர்நஞ்சு ஊசி போடலாம். அதன் காப்பு குறுகிய காலத்துக்கே. சினைப்பசுக்களுக்கு முறையாகத் தடுப்பூசி போட்டிருந்தால், சீம்பால் வழியாகக் கன்றுக்கும் ஓரளவு காப்பு கிடைத்துவிடும்.

இளங்காளை

மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். காயடிப்பே தேவைதானா என்று எவரும் கேட்கவில்லை. நான் ஆண் கன்றுகளைப் பால் மறந்ததும் தனி மேய்ச்சலுக்கு மாற்றி, காளையாகவே வளர்த்து, ஒன்றரை வயதாகும் முன்பே அனுப்பிவிடுகிறேன். அந்த வயதில் இறைச்சி மென்மையாகவே இருக்கிறது; கொழுப்புக் குறைந்த இறைச்சியை விரும்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். காயம், மருந்து, புழு என்ற கவலை எதுவும் இல்லை. ஒரே குழுவாக வளர்ந்த காளைகளில் புதியதைக் கலக்காமல், ஏற்றும் நாள் வரை அதே குழுவாக வைத்திருந்தால் சண்டையும் குறைவு. மருத்துவர் குறிப்பிட்ட கருத்த இறைச்சிச் சிக்கலும் பெரும்பாலும் இந்தக் கலப்பால் வருவதே.

இதற்கு நல்ல புல்லும் நம்பகமான வேலியும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வயலில் கிடாரிகள் மேய்ந்தால் இந்த முறையை நினைக்கவே வேண்டாம்.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. விதைகளை வயிற்றை ஒட்டி மேலே தள்ளிவிட்டு, வெறும் பையை மட்டும் வளையத்துக்குள் விடுவது. உடல் வெப்பத்தில் விதை விந்தணுவை உருவாக்காது. ஹார்மோன் மட்டும் தொடர்ந்து சுரக்கும். காளையின் வளர்ச்சியும் கிடைக்கும், கன்றும் விழாது.

புல்வெளி

அனைவருக்கும் நன்றி. புதிதாகப் பிறக்கப் போகும் கன்றுகளுக்கு வளையம் என்று முடிவு செய்துவிட்டேன். ஈற்றுக்காலத்தைச் சுருக்குவதையும் இந்த முறையே தொடங்கலாம் என்றிருக்கிறேன். இப்போதுள்ள ஐந்து, ஆறு மாதக் கன்றுகள்தான் மீதம். ஈக்காலம் தொடங்க அதிக நாள் இல்லை என்பதால் கத்திக்குத் தயங்குகிறேன். இந்த வயதில் பர்டிசோ நம்பகமானதா? அதோடு, 'இளங்காளை' அவர்கள் சொன்ன, விதையை மேலே தள்ளும் முறை என்னைப் போல் கிடாரிகளையும் ஒரே மந்தையில் வைத்திருப்பவர்களுக்குச் சரிவருமா?

கால்நடை மருத்துவர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: சரிவராது. அந்த மாடு நடத்தையில் முழுக் காளை. கிடாரிகள் மேல் ஏறும், வேலியை உடைக்கும், ஆளை மிரட்டும். விந்தணு உற்பத்தி பெரும்பாலும் நின்றுவிடும் என்பது உண்மையானாலும், ஒவ்வொரு மாட்டிலும் முழுமையாக நின்றுவிட்டது என்று பரிசோதிக்காமல் நம்ப முடியாது. கலப்பு மந்தையில் அந்த ஐயம் ஒன்றே போதும்.

நண்பர் 'இளங்காளை'யின் முறையில், அவர் சொன்ன நிபந்தனைகளுடன், குறை காண ஒன்றுமில்லை. இளவயதில் அனுப்புவதுதான் அதன் உயிர்நாடி. உங்கள் கன்றுகள் இரண்டு வயதைத் தாண்டி நிற்கப் போகின்றன, அதுவும் கிடாரிகளோடு. விரைவில் பருவமடையும் இனங்களில் எட்டு, ஒன்பது மாதக் காளைக் கன்றே சினைப்படுத்திவிடும். அதே வயதுக் கிடாரி சினை பிடித்தால், இடுப்பெலும்பு வளராத நிலையில் கன்று ஈன முடியாமல் தவிக்கும். ஆகவே இந்தக் கன்றுகளை அடுத்த அடைப்புக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

பர்டிசோவுக்கு ஐந்து, ஆறு மாதம் பொருத்தமான வயது. தோல் கிழியாததால் ஈயும் அண்டாது, குருதியும் போகாது. ஆனால் மூன்று முறைகளிலும் கைத்திறனை அதிகம் நம்பியிருப்பது இதுதான். விந்துக்கொடி விதைக்கு மேலே கயிறு போலத் தட்டுப்படும். அதைப் பையின் வெளி ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சிறு காம்புகள் தாடைக்குள் அகப்படாதவாறு பார்த்து, கிடுக்கியை மூடி, குறைந்தது பத்து நொடி அப்படியே வைத்திருக்க வேண்டும். மூடும் கணத்தில் கொடி நழுவிவிடுவதுதான் தோல்விக்கு முதற்காரணம். எனவே மூடிய பிறகும் கொடி தாடைக்குள் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு விரல்கிடை கீழே இறக்கி அதே கொடியை இரண்டாம் முறையும் நசுக்கினால் உறுதி கூடும்.

மறுபக்கத்துக் கொடியைத் தனியாக, சற்று ஏற்ற இறக்கமான உயரத்தில் நசுக்குங்கள். இரண்டு நசுக்குக் கோடுகளும் ஒரே நேராக இணைந்து, பையின் முழு அகலத்தையும் கடந்துவிட்டால், தோலுக்குப் போகும் குருதியும் நின்று பை முழுவதும் அழுகிவிடும். நடுவில் நசுங்காத தோல் ஒரு பட்டையாக எஞ்சியிருக்க வேண்டும்.

கிடுக்கி வாங்கும் போதும் இரவல் பெறும் போதும் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளி தெரிந்தால் அந்தக் கருவி கொடியை நசுக்காது, வலியை மட்டுமே கொடுக்கும். பயன்படுத்தாத நாட்களில் தாடைகளை இறுக மூடி வைக்காமல் சற்றுத் திறந்து வைத்தால் அதன் பிடி தளராது. உங்கள் கன்றுகளின் வயதுக்கு உணர்வு நீக்கி ஊசியும் மெலாக்ஸிகாமும் கட்டாயம் என்றே சொல்வேன். முதல் முறை என்பதால், அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அழைத்து, முதல் சில கன்றுகளை அவர் செய்வதைப் பார்த்துவிட்டு, மீதியை அவர் முன்னிலையில் செய்யுங்கள். அடிவயிற்றின் பக்கமாகப் பையில் வழக்கத்துக்கு மாறான புடைப்பு இருந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அந்தக் கன்றில் எந்தக் கருவியையும் வைக்காமல் அவரிடமே விட்டுவிடுங்கள்.

வேலியோரம்

கூடுதலாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நசுக்கிய பிறகு சில நாட்கள் பை வீங்கும். கன்று காலை அகட்டி நடக்கும், அடிக்கடி வாலை அடிக்கும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் மேய்ச்சலை விட்டு ஒதுங்கி நின்றாலோ, பை குளிர்ந்து நிறம் மாறினாலோ, நாற்றம் வந்தாலோ உடனே பிடித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மந்தையை ஒரு முறை கட்டாயம் அடைத்து, ஒவ்வொரு கன்றின் பையையும் கையால் தடவிப் பாருங்கள். விதை சுருங்கிக் கெட்டியாகியிருந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் பழைய அளவிலேயே மெத்தென்று இருந்தால், அந்தப் பக்கத்துக் கொடி நழுவியிருக்கிறது என்று பொருள். மறுமுறை நசுக்க வேண்டும். அது வரை இந்தக் கன்றுகளைக் கிடாரிகளிடமிருந்து பிரித்து வைப்பது நல்லது, ஏனெனில் ஏற்கெனவே நாளங்களில் தங்கிய விந்தணு சில வாரங்களுக்கு இருக்கக்கூடும். பர்டிசோ வைத்த ஒவ்வொரு கன்றின் காது எண்ணையும் தேதியோடு எழுதி வைத்தால், அந்தப் பரிசோதனை நாளில் எதையும் விட்டுவிடாமல் பார்க்கலாம்.

புல்வெளி

விளக்கமான பதில்களுக்கு நன்றி. மருத்துவர் ஒருவரை அழைத்துப் பர்டிசோவே செய்யப் போகிறேன். ஆறாவது வாரம் மந்தையை அடைக்கும் நாளையும் இப்போதே குறித்துவிட்டேன்; அது வரை கிடாரிகள் மேட்டு மேய்ச்சலில் தனியாக இருக்கும்.